மூன்றாம் லிஃப்டுக்கு ஒரு சரியான சொல்

தையல்காரி அந்தப் பரீட்சையில் இரண்டாம் முறையும் தோற்றது ஒரு நிழலால்.

சொந்தமாக ஒரு தையல் கடை வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கடை வைக்க உரிமம் வேண்டும். உரிமம் வாங்க ஆங்கிலச் சொல்லாட்சி வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். பல் பிடுங்குகிறவருக்கும், பஸ் ஓட்டுகிறவருக்கும், சாக்கடை அள்ளுகிறவருக்கும் அதே சான்றிதழ்தான். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களுக்குப் பொத்தானையும் காஜாவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்பது வாரியத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை.

"மர நிழல்ல என் கணவர் நிக்கிறார். இதை இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றார் தேர்வாளர்.

அவள் நிழலுக்கு ஷேடோ என்றாள். தேர்வாளர் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். துக்கச் செய்தி சொல்ல வந்தவர்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெயிலுக்கு ஒதுங்கினா அது ஷேட்மா. ஷேடோன்னா இருட்டு. ஒரு உருவத்துலேருந்து விழுற இருட்டு. நீங்க உங்க வீட்டுக்காரரைக் கொண்டுபோய் இருட்டுக்குள்ள நிறுத்திட்டீங்க. நான் எப்படி பாஸ் போடுறது?"

இதை வீட்டில் வந்து சொன்னபோது அவள் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கை பட்டவை.

"நமக்கு ஒரு நிழல் போதும். அவங்களுக்கு ரெண்டு வேணும்னா வெச்சுக்கட்டும். நீ பயப்படாம மறுபடி எழுது" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் அந்த வாரியத்திலிருந்தே அவருக்கு அழைப்பு வந்தது. மூன்றாம் லிஃப்ட் மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டதாம். "உன்னை ஃபெயிலாக்கின ஆளைப் பாத்தா ஒரு வணக்கம் சொல்லிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் அவர் வரவில்லை. அழைப்பு மணியை அழுத்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கதவை இரண்டு முறை தட்டுவார், கொஞ்சம் பொறுப்பார், பிறகு ஒரு முறை தட்டுவார். அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தையல்காரி, பொறுக்க மாட்டாமல் வாரியத்தின் வாசலுக்கே போனாள். காவலாளியின் அறையில் அவருடைய சட்டை தொங்கியது. சாப்பாட்டுப் பை இருந்தது. பைக்குள் போன் இருந்தது. போன் உள்ளே கொண்டுபோக வாரியம் அனுமதிப்பதில்லை.

"பை இங்க இருக்கு, அதனால அவர் வெளிய போகல" என்றார் காவலாளி. "ஆனா அஞ்சு மணிக்கு மேல உள்ள யாரும் இருக்கக் கூடாது. அதனால அவர் உள்ளயும் இல்ல."

"அப்போ எங்கதாங்க இருக்காரு?"

"அதை நீங்க நாளைக்கு வரவேற்பறையில கேக்கணும். நான் கேட்டுக்கு மட்டும்தான் பொறுப்பு."

வெள்ளிக்கிழமை காலை அவள் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனாள். நாத்தனார் பஸ் கண்டக்டர். நெரிசலில் கத்திக் கத்தி உரமேறிய தொண்டை, கழுத்தில் கயிற்றில் கட்டிய விசில், யாருக்கும் அசைந்து கொடுக்காத தோள். ஆனால் வரவேற்பறையில் அந்தத் தொண்டைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விளக்கம் எந்த மொழியிலும் இருக்கலாம். வேண்டுகோளை மட்டும் வேண்டுகிறவரே, அதுவும் ஆங்கிலத்தில், சொல்ல வேண்டும். அது வாரியத்தின் விதி.

தையல்காரிக்குப் படித்ததெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டது. கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"மை ஹஸ்பண்ட் லேட், சார்."

வரவேற்பாளர் எழுந்து நின்றார். பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து நின்றார்கள். வரிசையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தாமதமாக வருகிறவர்களுக்குக்கூட இவ்வளவு மரியாதை கொடுக்கிறார்களே என்று தையல்காரிக்கு ஒரு கணம் நெஞ்சு நெகிழ்ந்தது.

"எப்போலேருந்துமா?" என்று கனிவாகக் கேட்டார் வரவேற்பாளர்.

"நேத்து சாயங்காலத்துலேருந்து."

"மனசைத் தேத்திக்குங்க. ரெண்டாவது மாடி, ஆறுதல் பிரிவு."

ஆறுதல் பிரிவு ஒரு சின்ன அறை. ஜன்னல் இல்லை. மேசை, இரண்டு நாற்காலி, தண்ணீர்க் குவளை, மெத்தென்று பேசுகிற நடுத்தர வயது அதிகாரி ஒருத்தி. அவள் தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரிவு எல்லாருக்கும் வர்றதுதான்" என்று தொடங்கியபோதுதான் நாத்தனாருக்குப் பொறி தட்டியது.

"அண்ணி, நீங்க என்ன சொன்னீங்க? லேட்டுன்னா? ஐயோ, அது செத்துப்போனவங்களுக்குப் போடுறதாச்சே! பத்திரிகையில பாத்ததில்லையா?"

தையல்காரிக்கு உறைத்தது. தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். அந்தச் சொல் இப்போது இந்தக் கட்டடத்துக்குள் படியேறிப் போய்க்கொண்டிருக்கிறது, அவர் எங்கே இருந்தாலும் அவரைப் போய்த் தொட்டுவிடும் என்று பயந்தாள்.

"அழிச்சுடுங்கம்மா. நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு அழிச்சுடுங்க."

"சொன்ன சொல்லை அழிக்க முடியாது. வேற சொல்லா மாத்தலாம்" என்றாள் அதிகாரி. "லாஸ்டா, மிஸ்ஸிங்கா? லாஸ்ட்னா போனது போனதுதான், யாரும் தேட வேண்டாம். மிஸ்ஸிங்னா, இருக்க வேண்டிய இடத்துல அவர் இல்லையேன்னு யாருக்காவது இருக்கணும். அப்படி யாருக்காவது இருக்கா?"

"எனக்கு இருக்கும்மா."

"அப்போ மிஸ்ஸிங். நாலாவது மாடிக்குப் போங்க."

லிஃப்ட் எதுவும் ஓடவில்லை. படியேறினார்கள். நான்காவது மாடியில் ஒரு நீண்ட கூடம். வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். கூடத்தின் கோடியில் மூன்றாம் லிஃப்டின் இரும்புக் கதவு. அதன்மேல் ஒரு காகிதம் ஒட்டி, பழுது என்று எழுதியிருந்தார்கள்.

கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. ஒரு தட்டு.

கூடத்தில் இருந்த அத்தனை கைகளும் விசைப்பலகையில் அப்படியே நின்றன. சத்தம் ஓய்ந்ததும் ஓடத் தொடங்கின. யாரும் தலையைத் தூக்கவில்லை.

தையல்காரி ஓடிப்போய்க் கதவில் காதை வைத்தாள். இரும்பு சில்லென்று இருந்தது. அதற்குள்ளே வெகு கீழே ஏதோ ஒன்று நகர்ந்து, முனகி, மறுபடி தட்டியது. கன்னத்தில் அந்த அதிர்வு ஊர்ந்தது.

"என்னங்க!" என்று கத்தினாள். "நான் வந்துட்டேங்க!"

பதிலுக்கு ஒரு குரல் வந்தது. குரல்தான் வந்தது, சொல் வரவில்லை.

ஒரு மேசையிலிருந்து எழுந்து வந்தார் ஒலிப் பிரிவு அதிகாரி. மெலிந்தவர், நேர் வகிடு எடுத்தவர்.

"ஏதாவது கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். அவர்தான்!"

"கேட்டேன்னா எது? ஹியரா, லிசனா? தானா காதுல விழுந்தா ஹியர். நாமளா காதைக் கொடுத்தா லிசன். பொதுமக்களுக்கு இந்த மாடியில ஹியர் மட்டும்தான் அனுமதி. நீங்க கதவுல காதை வெச்சதை நான் பாத்தேன்."

"யோவ், உள்ள ஆள் இருக்காருய்யா!" என்றாள் நாத்தனார். "உங்க யாருக்கும் கேக்கலையா?"

"ஏன் கேக்காம? நேத்துக் காலையிலேருந்து மாடி பூரா கேக்குது."

"அப்புறம் ஏன் கதவைத் திறக்கல?"

ஒலிப் பிரிவு அதிகாரி பெருமூச்சு விட்டார். தன் கஷ்டத்தை முதல்முறையாக ஒருவர் விசாரித்த நிம்மதி அந்தப் பெருமூச்சில் இருந்தது.

"டேப்பா, நாக்கான்னு முடிவாகல. டேப்னா சும்மா லேசா தட்டுறது, திறக்க வேண்டாம். நாக்னா திறக்கச் சொல்லித் தட்டுறது. நாக்னு பதிவு பண்ணிட்டா திறந்துதான் ஆகணும். அவ்வளவு பெரிய முடிவை அவசரப்பட்டு எடுக்க முடியுமா? நேத்து முழுக்கக் கூட்டம் போட்டோம். மத்தியானம் ஒரு கட்டத்துல ரொம்பத் தெளிவா நாக் மாதிரியே இருந்துச்சு. ஓட்டெடுப்பு வைக்கலாம்னு எழுந்தோம். அதுக்குள்ள அவர் களைச்சுப்போய் லேசா தட்ட ஆரம்பிச்சுட்டாரு. மனுஷன் ஒரே மாதிரி தட்டியிருந்தா எங்க வேலை எவ்வளவு சுலபமா இருந்திருக்கும்!"

நாத்தனார் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. தெருவுக்கு ஓடிப்போய்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். வண்டி உடனே வந்தது, வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. இது என்ட்ரியா, என்ட்ரன்ஸா என்று மேலிடத்திலிருந்து தெரிவிக்காமல் கதவைத் திறக்கக் கூடாது என்றார் காவலாளி. தீயணைப்புக்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தார்கள்.

மத்தியானத்துக்குமேல் வாரியத் தலைவரே படியிறங்கி நான்காவது மாடிக்கு வந்தார். இதற்காக ஒரு சிறப்புக் கூட்டம். நாற்காலிகளை லிஃப்ட் கதவுக்கு முதுகு காட்டிப் போட்டார்கள். தையல்காரிக்கும் முன்வரிசையில் ஒரு இடம் கொடுத்தார்கள். ஊழியர்கள் கைதட்டினார்கள். அவர்கள் தட்டி முடித்ததும் கதவுக்குப் பின்னாலிருந்தும் தட்டு வந்தது. அதை வரவேற்பின் ஒரு பகுதியாகவே தலைவர் எடுத்துக்கொண்டார்.

"நண்பர்களே, இந்த வாரியம் இன்னிக்கு வரைக்கும் ஒரு தப்பான சொல்லைச் சொன்னதில்ல. அதுக்காக எத்தனையோ பேரைக் காக்க வெச்சிருக்கோம். சிலர் கடைசி வரைக்கும் காத்திருந்தாங்க. அவங்களை நாம மறக்கல, ஏன்னா அவங்களை என்னன்னு குறிப்பிடுறதுங்கிறதே இன்னும் விவாதத்துல இருக்கு. அவசரம் படிக்காதவங்க குணம். தண்ணியில ஒருத்தர் தத்தளிச்சா படிக்காதவன் குதிச்சுடுவான். படிச்சவன் கரையில நின்னு, அவர் சிங்க் ஆகுறாரா, ட்ரவுன் ஆகுறாரான்னு பாப்பான். குதிச்சவனால ஒரு உயிரைத்தான் காப்பாத்த முடியும். பாத்தவனால மொழியையே காப்பாத்த முடியும்!"

பலத்த கைதட்டல். கதவின் தட்டு இந்தமுறை தாமதமாக, தேய்ந்து வந்தது.

தலைவர் தையல்காரியின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு பெரிய கூட்டத்தை உங்களுக்காகத்தான் கூட்டியிருக்கோம். நீங்க ஒரே ஒரு சொல் சொன்னா போதும். உங்க கணவர் உள்ள ஸ்டக்கா, ட்ராப்டா?"

"எனக்கு வித்தியாசம் தெரியலைங்க சார்."

"ஸ்டக்னா தானா போய் மாட்டிக்கிட்டாரு, அவர் தப்பு. அதுல வாரியம் தலையிட முடியாது, கதவைத் திறக்க மாட்டோம். ட்ராப்ட்னா யாரோ அவரை மாட்ட வெச்சாங்க, அதாவது நாங்க. அப்படிச் சொன்னா விசாரணை வைக்கணும். விசாரணை முடியற வரைக்கும் கதவு சாட்சி. சாட்சியைத் தொடக் கூடாது, அதனால திறக்க மாட்டோம்."

தையல்காரி இரண்டு சொல்லையும் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துணியைப் புரட்டி நல்ல பக்கம் தேடுவதுபோலத் தேடினாள்.

"ரெண்டுலயும் கதவு திறக்கலையே, சார்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! நுணுக்கம் புரிய ஆரம்பிச்சுடுச்சு. கொஞ்சம் பயிற்சி இருந்தா நீங்க அடுத்த தடவை பாஸ்."

அவள் கதவிலிருந்து வர வேண்டிய தட்டுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. அவள் எழுந்து போய்க் கதவில் இரண்டு முறை தட்டி, பொறுத்து, ஒரு முறை தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள்.

"நின்னுடுச்சு" என்றார் ஒலிப் பிரிவு அதிகாரி. அவர் தோள் தளர்ந்து கீழே இறங்கியது. "டேப்பும் இல்ல, நாக்கும் இல்ல. பிரச்சினை தீர்ந்துதுன்னு எழுதிக்கலாமா, சார்?"

ஐந்து மணிக்கான மணி அடித்தது. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. பைகள் தோளில் ஏறின. இனித் திங்கட்கிழமைதான். ஒருவர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். தையல்காரி கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளைச் சுற்றிக்கொண்டு, அவள்மேல் பட்டுவிடாமல், மிகவும் மரியாதையாக எல்லோரும் நடந்து போனார்கள்.

அப்போது படிக்கட்டிலிருந்து விசில் கேட்டது. பஸ்ஸை நிறுத்துகிற விசில். பழக்கதோஷத்தில் அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நாத்தனார் ஒரு கடப்பாரையோடு மேலே வந்துகொண்டிருந்தாள். தீயணைப்புக்காரர்களில் ஒருவர் அதைக் கேட் கம்பிகளுக்கு நடுவே நுழைத்துக் கொடுத்திருந்தார். "எங்களைத்தான் உள்ள விடக்கூடாதுன்னாங்க. கடப்பாரையைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல" என்றாராம்.

"பிடிங்க அண்ணி!"

இருவரும் கடப்பாரையைக் கதவின் இடுக்கில் செருகி நெம்பினார்கள். கதவு நகரவில்லை. தலைவர் ஏதோ விதியின் எண்ணைச் சொன்னார். இன்னொரு ஜோடிக் கை வந்து கடப்பாரையைப் பிடித்தது. ஆறுதல் பிரிவு அதிகாரி. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். கதவு கிறீச்சிட்டுப் பிளந்தது.

உள்ளே கும்மிருட்டு. கிரீஸ் வாடை. கால் மட்டத்துக்குக் கீழே லிஃப்டின் கூரை, அதன்மேல் மெக்கானிக் குப்புறக் கிடந்தார். ஒரு கால் கூரைக்கும் சுவர் இரும்புக்கும் நடுவில் நசுங்கியிருந்தது. கையில் ஸ்பேனர். தையல்காரி குதித்து இறங்கி அவர் முகத்தைத் திருப்பினாள். உதடு வெடித்திருந்தது. மூச்சு இருந்தது.

நாத்தனார் ஜன்னலிலிருந்து ஊதிய விசிலுக்குத் தீயணைப்புக்காரர்கள் கேட்டை ஏறிக் குதித்து வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் கூடத்தைக் கடந்தபோது தலைவர் நெகிழ்ந்துபோயிருந்தார். இவரை சேவ்ட் என்பதா, ரெஸ்க்யூட் என்பதா என்று திங்கட்கிழமை முதல் வேலையாக முடிவெடுக்க வேண்டும் என்று ஒலிப் பிரிவு அதிகாரியிடம் சொன்னார்.

கால் பிழைத்தது. மாவுக்கட்டோடு அவர் வீட்டுக்கு வந்தார். ஆனால் சிரிக்கிற ஆள் வரவில்லை. நாத்தனார் வாரியத்துக்காரர்களைப்போல நடந்து காட்டிச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பகலில் கண்ணயர்ந்தால் அவர் விரல் கட்டில் சட்டத்தைத் தட்டும், இரண்டு, பிறகு ஒன்று. தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தரிக்கோலின் பிடியால் பலகையில் பதிலுக்குத் தட்டுவாள். அதன்பிறகுதான் அவர் மூச்சு சீராகும்.

ஒருநாள் அவராகவே பேசினார். "நீ தட்டினதாலதான் நான் பிழைச்சேன்."

"நான் எங்கங்க தட்டினேன்? கடைசியில ரெண்டு தடவை தட்டினேன், அதுக்கு நீங்க பதிலே தரலையே."

"அதைச் சொல்லல. வியாழக்கிழமை. கீழேருந்து பதில் வந்துச்சே."

"நான் வெள்ளிக்கிழமைதானே வந்தேன்?"

அவர் விரல் கட்டில் சட்டத்துக்குப் போய் நின்றது. "முதல்ல கண்டபடி தட்டுச்சு. அப்புறம் நம்ம வீட்டுத் தட்டைக் கத்துக்கிட்டுது. ராத்திரி பூரா விடல. நான் கண்ணை மூடினா போதும், எழுப்பி விட்டுடும். நீன்னு நினைச்சுத்தான் நான் தூங்காம இருந்தேன்."

மறுநாள் தையல்காரி வாரியத்துக்குப் போனாள். வரவேற்பறையில் நிற்காமல் நேரே இரண்டாம் மாடிக்குப் போனாள். ஆறுதல் அதிகாரி மேசையில் தனியாக இருந்தாள். அவளுடைய வலது கை முட்டிகளில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தையல்காரி அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"நான்தாம்மா" என்றாள். "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் லிஃப்ட் போற குழி. அவர் தட்டறப்பல்லாம் நான் திருப்பித் தட்டினேன். வாயால பேசினா என்ன மொழி, என்ன சொல்லுன்னு கேப்பாங்க. தட்டினா கேக்க மாட்டாங்க."

"கதவைத் திறக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"தோணுச்சு. திறக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. ஆறுதல் சொல்லத்தான் இருக்கு." அவள் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டாள். "நான் செஞ்சது என்னன்னு எனக்கே தெரியல. எந்த மொழியிலயும் அதுக்கு ஒரு பேரு தெரியல."

அவளைக் கன்னத்தில் அறைய வேண்டும் என்றும், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் என்றும் தையல்காரிக்கு ஒரே நேரத்தில் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"அவர் சொன்னாரு. ராத்திரி பூரா நீங்க விடாம தட்டினதாலதான் தூங்காம இருந்தாராம்."

"ராத்திரியா?" என்றாள் அதிகாரி. "மணி அடிச்சா நான் கிளம்பிடுவேனே."

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். வெள்ளையடித்த வெறும் சுவர்.

"ஒண்ணு சொல்லணும்மா" என்றாள் அதிகாரி. குரலில் இருந்த மெத்தென்ற பூச்சு போய்விட்டிருந்தது. "வியாழக்கிழமை நான் தட்டினப்போ மேலேருந்து மட்டும் பதில் வரல. கீழேருந்தும் வந்துச்சு. எதிரொலின்னு நினைச்சுக்கிட்டேன்."

"இவருக்கு முன்னாடி இந்த லிஃப்டை யாரும்மா பாத்துக்கிட்டாங்க?"

"வயசானவர் ஒருத்தர். ரொம்ப நாளாச்சு. வேலையை விட்டுட்டாருன்னு சொன்னாங்க. லெஃப்ட்னுதான் பதிவாகியிருக்கு." சொல்லிவிட்டு அந்தச் சொல்லிலேயே நின்றாள். அது போய்விட்டவருக்கும் பொருந்தும், உள்ளேயே விடப்பட்டவருக்கும் பொருந்தும் என்று இத்தனை காலமும் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"கீழ போற படி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் தையல்காரி.

அதிகாரி எழுந்தாள். விளக்கை அணைக்கவில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வரவேற்பறையைத் தாண்டி, துடைப்பங்கள் சாய்த்து வைத்திருந்த ஒரு சந்துக்குள் புகுந்து, இருவரும் அடித்தளத்துக்கு இறங்கினார்கள். படிகள் ஈரமாக இருந்தன. கீழே லிஃப்ட் குழியின் அடியில் ஒரே ஒரு இரும்புக் கதவு, அதன் பூட்டு துருவேறிக் கதவோடு கதவாகிவிட்டிருந்தது. அதிகாரி பழக்கத்தில் கையை மடக்கித் தட்டப் போனாள்.

அவள் விரல் கதவில் படுவதற்குள், உள்ளேயிருந்து சத்தம் வந்தது. இரண்டு. கொஞ்சம் இடைவெளி. ஒன்று.

இருவரும் கதவுக்குத் தோளைக் கொடுத்தார்கள்.